கதவிடுக்கில் ஒட்டியிருந்த எண்

எதிரே வந்தவர்களெல்லாம் அன்றைக்கு என்னைப் பார்த்து லைட்டை அடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் இருவர் என்றால் பரவாயில்லை. இருட்டிய பிறகு இரண்டு மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர். நான் ஹை பீம் போட்டிருக்கவில்லை. டேஷ்போர்டில் அந்த நீல விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன், எரியவில்லை. "இந்த ரோட்ல போறவங்களுக்குப் பொறுமையே கிடையாது" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் புது டிரெய்லர், பின்சீட்டில் தூங்கும் இரண்டு பையன்கள், நான் ஓட்டுவது பெரிய பிக்கப் டிரக். உலகமே எனக்கு வழிவிட வேண்டும் என்ற மிதப்பில் இருந்தேன். வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொண்டிருந்ததும், என் சாதாரண லைட்டே எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக அடித்துக்கொண்டிருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் வேறு. டிரெய்லர் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பாரம் இழுக்க எந்த பிக்கப் பெஸ்ட்?" நானும் முன்பெல்லாம் ஏதாவது பெயர் சொல்லிவிடுவேன். ஃபோர்டு எஃப்-150, ஷெவி சில்வராடோ, ரேம், டொயோட்டா டண்ட்ரா, இந்த நான்கில் அன்றைக்கு எது மனதுக்குப் பிடித்திருக்கிறதோ அது. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கேள்வி தப்பு என்று சொன்னால் மேதாவித்தனம் போலத் தெரியும். சொல்லாமல் விட்டால் அவரும் ஒரு நாள் ராத்திரி எதிரே வருபவர்களைத் திட்டிக்கொண்டு ஓட்டுவார்.

பதினோராயிரத்து இருநூறு

என் பழைய வண்டி ஒரு அரை டன் பிக்கப். அரை டன் என்பது வெறும் பெயர்தான். ஒரு காலத்தில் அந்த வகை வண்டிகள் சுமார் ஆயிரம் பவுண்ட் சுமந்ததால் வந்த பெயர். வண்டிகள் வளர்ந்துவிட்டன, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அது 11,200 பவுண்ட் இழுக்கும் என்று போட்டிருந்தது. விற்றவரும் அதைத்தான் சொன்னார். நான் வாங்கியிருந்த டிரெய்லரில் சாமான் எல்லாம் ஏற்றினால் 7,300 பவுண்ட் வரும். "உங்க டிரெய்லர் இதுக்கு ஒரு பொருட்டே இல்ல, மூணுல ரெண்டு பங்குதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இன்றைக்குக்கூட அந்த எண்ணில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என்ஜின் இழுக்கத்தான் செய்தது. சிக்னலில் பச்சை விழுந்தால் பின்னால் ஒன்றுமே இல்லாததுபோலக் கிளம்பும்.

இந்த இழுவை எண்ணை வைத்துத்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது. 2021 எஃப்-150 என்றால் 14,000 பவுண்ட், சில்வராடோ 1500 என்றால் 13,300, டண்ட்ரா என்றால் 12,000 என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்வார்கள். ஆனால் அந்த 14,000, எஃப்-150 என்று பெயர் போட்ட எல்லா வண்டிக்கும் கிடையாது. 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ற டர்போ என்ஜின் வேண்டும், அதிக இழுவைக்கான பேக்கேஜ் வேண்டும், அதற்கேற்ற கேபினும் பின் அச்சின் கியர் விகிதமும் வேண்டும். எல்லாம் கூடி வந்தால்தான் அந்த எண். ஷோரூம் வாசலில் நிற்கும் வண்டி, தோல் சீட்டும் கண்ணாடிக் கூரையும் போட்டுப் பளபளப்பது, பெரும்பாலும் அந்த வண்டி இல்லை. பெயரைக் கேட்டுப் பெருமைப்படுகிறோம். வீட்டுக்கு ஓட்டிவருவது அதன் ஒன்றுவிட்ட தம்பியை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

முன்பாரம், பின்பாரம்

முதல் பயணம் முடிந்து பகல் வெளிச்சத்தில் தள்ளி நின்று பார்த்தபோதுதான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பின்சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவே முன்பு நான்கு விரல் நுழையும் இடமிருந்தது. இப்போது இரண்டு விரல் நுழைந்தால் அதிகம். டிரெய்லரின் முன்பாகம் ரொம்ப அழுத்துகிறது என்று புரிந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு, டிரெய்லரின் முன்னால் இருந்த கனமான சாமான்களையெல்லாம் எடுத்துப் பின்னால் அடுக்கினேன். தண்ணீர் கேன்கள், டூல் பாக்ஸ், மடக்கு மேசைகள், எல்லாம் பின்சுவரோரமாக. பிக்கப்பின் பின்பக்கம் அழகாக எழுந்து நின்றது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களிடம் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் வண்டி குடைசாயப் பார்க்கும், நுகம் மேலே தூக்கிக் கழுத்துக்கயிறு மாட்டை இறுக்கும். பாரம் ஏற்றும்போதே அதைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். பந்து வைத்த கொக்கியில் மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லரில், அதன் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் அழுத்த வேண்டும். டங் வெயிட் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அது பத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் தன் அச்சையே நடுவாக வைத்துக்கொண்டு வாலாட்ட ஆரம்பிக்கும். ஆரம்பிக்க ஒரு சாக்குதான் வேண்டும்: குறுக்குக் காற்று, ஒரு பள்ளம், பக்கத்தில் கடந்து போகும் ஒரு பெரிய லாரி.

எனக்கு லாரி. நீண்ட இறக்கத்தில், மணிக்கு அறுபத்தைந்து மைலில் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி ஏறி வந்தது. அதன் முன்காற்று முதலில் டிரெய்லரை வெளியே தள்ளியது, லாரி கடந்ததும் உள்ளே இழுத்தது. ஒரு ஆட்டம். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அது அடுத்த பக்கம், இன்னும் பெரிதாக. இடது கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச்சுவர் முழுசாகத் தெரிந்தது, அப்புறம் மறைந்தது, அப்புறம் வலது கண்ணாடியில் தெரிந்தது. என் கால் தானாகப் பிரேக்கில் போய் மிதித்தது. அப்போதுதான் ஆட்டம் பயங்கரமானது. வண்டி வேகம் குறைய, பின்னால் இருக்கும் ஏழாயிரம் பவுண்ட் குறையாமல் வந்து முட்டுகிறது, வேறென்ன நடக்கும்? "காலை எடுங்க!" என்று மனைவி கத்தினாள். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளும் சொல்லமாட்டேன் என்கிறாள். காலை எடுத்தேன். கண்ட்ரோலரில் டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் சின்ன நெம்புகோல் ஒன்று உண்டு, அதை அழுத்தினேன். பின்னால் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல டிரெய்லர் நேரானது. மொத்தமும் ஆறேழு விநாடி இருக்கலாம். அடுத்த ஓய்விடம் வரைக்கும் வண்டிக்குள் யாரும் பேசவில்லை. சின்னவன் மட்டும், "அப்பா, அது மறுபடி வருமா?" என்று ஒரு தடவை கேட்டான்.

மூன்று எண்கள்

ஓய்விடத்தில் சாமான்களை மறுபடி முன்னால் மாற்றி அடுக்கினேன். பிக்கப்பின் பின்பக்கம் மறுபடி உட்கார்ந்தது. பின்னால் வைத்தால் வாலாட்டுகிறது, முன்னால் வைத்தால் உட்காருகிறது. இதற்கு நடுவே ஒரு இடம் இருந்தாக வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றிருந்த லாரிக்காரர் ஒருவர், வயதானவர், வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எடை போட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எதிர்ப்பக்கம் இருந்த எடை மேடையைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

லாரிகளுக்கான அந்த எடை மேடையில் தனித்தனிப் பலகைகள் இருக்கும். முன்சக்கரம் ஒன்றில், பின்சக்கரம் ஒன்றில், டிரெய்லரின் சக்கரங்கள் மற்றொன்றில் நிற்கும்படி நிறுத்தினால், மூன்றையும் தனித்தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். என் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, எழுத்து மங்கிப்போய். முன் அச்சு 3,120. பின் அச்சு 4,300. டிரெய்லர் அச்சுகள் 6,420. மொத்தம் 13,840 பவுண்ட். டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும், நாங்கள் நால்வரும் உள்ளே இருக்க, இன்னொரு முறை ஏற்றினேன். 6,540.

முதலில் எனக்கு நிம்மதிதான். என் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 17,000 பவுண்ட் வரை போகலாம் என்று கையேட்டில் இருந்தது. 13,840 எங்கே, 17,000 எங்கே? மூவாயிரத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. விற்றவர் சொன்னது சரிதான் என்று சீட்டை மடிக்கப் போனேன். மனைவி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தாள். "இங்க ஏதோ எழுதியிருக்கு பாருங்க" என்றாள்.

கதவைத் திறந்தால் தூண் ஓரத்தில் இரண்டு ஸ்டிக்கர்கள். மூன்று வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், ஒரு தடவைகூட வாசித்ததில்லை. டயரில் எவ்வளவு காற்று என்று பார்த்ததோடு சரி. அதே ஸ்டிக்கரில், காற்றழுத்தத்துக்கு மேலே, ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. கிலோவில் 671. இன்னொன்றில் வண்டியின் மொத்த எடை வரம்பு 7,000, பின் அச்சின் வரம்பு 4,050 என்று இருந்தது. அவள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். நான் சீட்டைப் பார்த்தேன். முன்னும் பின்னும் சேர்த்தால் 7,420. மொத்தத்தில் 420 அதிகம். பின் அச்சு 4,300. அதில் 250 அதிகம். இழுவையில் ஏறக்குறைய நான்காயிரம் பவுண்ட் மிச்சம் வைத்திருக்கும் அதே வண்டி, சுமப்பதில் எப்போதோ வரம்பைத் தாண்டிவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிரெய்லர் 7,300, அதில் பதின்மூன்று சதவீதம் என்றால் கொக்கியில் 950. நாங்கள் நால்வர் 515. பின்பெட்டியில் ஜெனரேட்டர், சைக்கிள்கள், மரக்கட்டைகள் எல்லாம் 360. எடையைப் பகிர்ந்துகொடுக்கும் ஹிட்ச் என்று வாங்கிப் போட்ட இரும்பே 90. நானாக ஆசைப்பட்டு மாட்டிய பெட்டி மூடி 60. கூட்டினால் 1,975. அந்த ஹிட்ச்சின் வேலை, கொக்கியில் அழுத்தும் எடையில் ஒரு பங்கைத் தன் ஸ்பிரிங் கம்பிகளால் முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடுவது. அது தள்ளிய பிறகும் டிரெய்லர் என் வண்டிமேல் 880 பவுண்ட் உட்கார்ந்திருந்தது. 7,420-லிருந்து 6,540-ஐக் கழித்தால் வருவது அதுதான்.

இன்னொரு கணக்கும் போட்டேன், வேண்டாத வேலை. அந்த 11,200 பவுண்டை உண்மையிலேயே கட்டி இழுத்தால் என்ன ஆகும்? பதின்மூன்று சதவீதம் 1,456. கதவு தரும் 1,480-ல் மிச்சம் 24 பவுண்ட். ஓட்ட ஒரு ஆள் ஏற முடியாது. இரண்டு பூனைகள் ஏறலாம், அவை ஓட்டக் கற்றிருந்தால். "அப்போ இந்த எண்ணை எதுக்குப் பெருசா போடுறாங்க?" என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை.

டேவிஸ் டேம் ஏற்றம்

பதிலைத் தேடிப் போனதில்தான் அந்த ஏற்றத்தைப் பற்றித் தெரிந்தது. ரொம்ப காலம் ஒவ்வொரு கம்பெனியும் இழுவை எண்ணைத் தன் வசதிப்படி சோதித்துத் தானே அறிவித்துக்கொண்டிருந்தது. பொதுவான அளவுகோல் கிடையாது. போட்டிக் கம்பெனி ஒரு எண் சொன்னால் இவர்கள் அதைவிட நூறு கூட்டிச் சொல்வார்கள். 2008-ல்தான் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஜே-2807 என்று ஒரு பொதுச் சோதனைமுறையை வெளியிட்டது. அதன் மையமான சோதனை அரிசோனாவில் புல்ஹெட் சிட்டி பக்கத்தில் இருக்கும் டேவிஸ் டேம் ஏற்றம். பதினோரு மைலுக்கு மேல், சுமார் மூவாயிரம் அடி உயரம். வெயில் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும், ஏசி முழுதாக ஓட வேண்டும், அந்த நிலையில் முழுப் பாரத்தோடு மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். பின்னால் நான்கு டயர் போட்ட வண்டிக்கு 35. எதுவும் சூடாகி நிற்கக் கூடாது. இது போக, பன்னிரண்டு சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், முன்னாலும் பின்னாலும், ஐந்தைந்து தடவை. சமதரையில் அறுபது மைல் வேகத்தை முப்பது விநாடிக்குள் தொட வேண்டும்.

இதை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா, 2011 டண்ட்ராவுக்கு. ஏற்றுக்கொண்டதும் அவர்களுடைய எண்கள் கீழே இறங்கின. மற்றவர்கள் கொஞ்ச காலம் பழைய எண்ணோடேயே விற்றார்கள்; ஃபோர்டு, ஷெவியைச் செய்யும் ஜிஎம், ரேம் மூன்றும் அரை டன் வண்டிகளில் இந்த முறைக்கு வந்து சேர 2015 மாடல் ஆனது. நாலு வருடம் தன் எண் மட்டும் சின்னதாகத் தெரிவதைப் பொறுத்துக்கொண்டு விற்ற கம்பெனிமேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு, அந்த வண்டியை நான் வாங்கவில்லை என்றாலும்.

ஆனால் என் மனைவியின் கேள்விக்கு விடை இந்தச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. இதில் வண்டிக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்வது இரண்டு பேர், ஆளுக்கு 150 பவுண்ட். பின்பெட்டி காலி. பையன்கள் இல்லை, சைக்கிள் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. மலை ஏறுவதற்கு அது நேர்மையான சோதனை. குடும்பத்தோடு கிளம்புகிறவனுக்கு அது வேறு யாருடைய பயணமோ.

மலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டிகளை ஒப்பிடுகிறவர்கள் கொலராடோவில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் எட்டு மைல், ஏழு சதவீத ஏற்றத்தையும் விரும்பி எடுப்பார்கள். சுரங்கவாய் 11,158 அடியில் இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் சக்தியை இழக்கும். மேலே போகும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கடல் மட்டத்தில் 400 குதிரைத்திறன் என்று மார்தட்டியது அங்கே 270 சொச்சத்தில் மூச்சிரைக்கும். டர்போ வைத்த சின்ன என்ஜின் காற்றைத் தானே அமுக்கி உள்ளே தள்ளிக்கொள்வதால் அங்கேயும் சளைக்காது. எட்டு சிலிண்டர்தான் என்ஜின் என்று பிடிவாதமாக இருந்தவன் நான். இந்த ஒரு விஷயத்தில் ஆறு சிலிண்டர்காரர்களிடம் தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

டீசல் ஆசை

அரை டன் போதாது என்று முடிவானதும் நேராக முக்கால் டன் டீசலுக்குத்தான் மனம் போனது. யாருக்குத்தான் போகாது? ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலின் அதிகத் திறன் கொண்ட வடிவம் 1,200 பவுண்ட்-அடி முறுக்குவிசை தருகிறது. 2021 மாடல் ஒரு டன் ரேம் 3500, சரியான அமைப்பில் இருந்தால், 37,100 பவுண்ட் இழுக்கும், எஃப்-450 நாற்பதாயிரம். பின்பெட்டியின் நடுவில் கொக்கி வைத்து, பாரத்தைப் பின் அச்சுக்கு நேர்மேலே இறக்கும் கூஸ்நெக் டிரெய்லர்களுக்கான எண்கள் அவை. என் 7,300 அதன் முன்னால் தூசி. டீசலின் உண்மையான சுகம் ஏற்றத்தில்கூட இல்லை, இறக்கத்தில். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். காலைப் பிரேக்கில் வைக்காமலே மலை இறங்கலாம். வாலாட்டிய டிரெய்லரோடு இறங்கியவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தடவை முதலில் கதவைத் திறந்தேன். விற்பனையாளர் பானெட்டைத் திறந்து என்ஜினைக் காட்டப் போனார், நான் டிரைவர் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்டிக்கரை வாசித்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். உயர்ரக உள்வேலைப்பாடு, பெரிய கேபின், டீசல் என்ஜின். ஸ்டிக்கரில் 1,890. நம்ப முடியாமல் பக்கத்து வண்டியைப் பார்த்தேன், அதே ரகத்தில் பெட்ரோல் என்ஜின், எளிய உள்வேலை: 2,940. ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம், இரண்டின் முதுகிலும் ஒரே பெயர்ப் பலகை. காரணம் எளிமையானது. டீசல் என்ஜின் பல நூறு பவுண்ட் கூடுதல் கனம். முக்கால் டன் வண்டிகளில் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டை ஒட்டி நிற்கிறது, அதைத் தாண்டினால் வேறு வகுப்புக்குப் போய்விடும். மேல்வரம்பு நகராமல் இருக்க, வண்டியின் சொந்த எடை கூடினால் நமக்கு மிஞ்சுவது குறையும். கண்ணாடிக் கூரை, தானாக இறங்கும் படிக்கட்டு, சூடாகும் பின்சீட்டு, ஒவ்வொன்றும் கதவு ஸ்டிக்கரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு போகிறது.

பெட்ரோல் வண்டியை வாங்கினேன். வருத்தமில்லாமல் வாங்கினேன் என்று சொல்லமாட்டேன். இறக்கத்தில் அது கீழ் கியருக்கு இறங்கி ஐயாயிரம் சுற்றில் கதறும்போது, பக்கத்தில் ஒரு டீசல் சத்தமில்லாமல் இறங்கிப் போவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. டிரெய்லர் இல்லாத நாளில் பின்பக்கம் முயல் மாதிரி குதிக்கும். பெட்ரோல் குடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பின்பக்கத்தில் ஏர்பேக் போட்டு அந்தப் பழைய வண்டியையே தூக்கி நிறுத்தியிருக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். தூக்கி நிறுத்தலாம், எதிரே வருபவர்கள் லைட் அடிக்காமல் போவார்கள். பின் அச்சின் 4,050 அப்படியேதான் இருக்கும். டயரும் பேரிங்கும் தாங்குகிற எடை, வண்டி நிமிர்ந்து நிற்பதால் கூடாது.

மின்சார பிக்கப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். எஃப்-150 லைட்னிங் 2022-ல் வந்தது, பத்தாயிரம் பவுண்ட் வரை இழுக்கும், கிளம்பும் வேகத்தில் என் வண்டியெல்லாம் அதற்கு ஈடாகாது. ஆனால் பெரிய டிரெய்லரைக் கட்டினால் போகும் தூரம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. எடையைவிடக் காற்றுதான் அங்கே எதிரி. வீட்டுச் சுவர் மாதிரி நிற்கும் டிரெய்லரின் முகப்பு. சார்ஜ் போடும் இடங்களில் பெரும்பாலும் மூக்கை நுழைத்துத்தான் நிறுத்த முடியும், டிரெய்லரைக் கழற்றி எங்காவது ஓரம்கட்ட வேண்டும். மழையில் ஒரு தடவை டிரெய்லரைக் கழற்றி மாட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

போன வாரம் நண்பர் ஒருவர் கூப்பிட்டார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டி பார்த்து முடித்துவிட்டார். முப்பதடி டிரெய்லர், எட்டாயிரம் பவுண்ட். "பன்னிரண்டாயிரத்துக்கு மேலே இழுக்குமாம்பா, டாப் மாடல்" என்றார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் இருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் அண்ணா என்றேன். என்னத்துக்கு என்றார். சும்மா அனுப்புங்கள் என்றேன். கால்மணி நேரத்தில் வந்தது. கொஞ்சம் மங்கலாக இருந்தது, பெரிதாக்கிப் பார்த்தேன். 1,310.

"வீட்டில் மொத்தம் எத்தனை பேர் வருவீங்க?" என்று எழுதினேன்.

"அஞ்சு பேர்" என்று பதில் வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "நாயையும் சேர்க்கணுமா?"